முதற் குக்ரி வாங்குமுன்

சென்ற கிழமை எனக்கு வந்த கடிதங்களுள் இரண்டு ஒரே இல்லத்திலிருந்து எழுதப்பட்டவை. ஒன்றை மகன் எழுதியிருக்கிறான். மறுநாளே தாயும் எழுதியிருக்கிறார். மகனுக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருக்கும் காலம். தற்காப்புக் கலை பயிலும் வகுப்பொன்றிற் சேர்ந்திருக்கிறானாம். அவனுடைய தாய்மாமன் வருகின்ற மாதம் நேபாளத்துக்கு யாத்திரை போகிறார். பசுபதிநாதரையும் முத்திநாதரையும் தரிசித்துத் திரும்பும்போது கூர்க்கா வீரரின் குக்ரி ஒன்று வாங்கி வருவதாக மருமகனுக்கு வாக்களித்திருக்கிறார். "எத்தகைய குக்ரியை வாங்கச் சொல்லலாம்? வளவில் விறகு கொத்தவும் வேண்டும், கலைப் பயிற்சிக்கும் வேண்டும்" என்பது மகனின் வினா. தாயின் கடிதம் நான்கே வரி: "உறையிலிருந்து உருவினால் இரத்தம் காணாமல் மீண்டும் உறையிலிடக் கூடாத கத்தி என்று சொல்லுகிறார்கள். அப்படிப்பட்ட பொருளை வீட்டில் வைக்கலாமா? பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுங்கள், மகனும் வாசிக்கட்டும்."

தாய்க்கே முதலில் மறுமொழி சொல்லுகிறேன். அம்மையாரே, அந்தக் கதை வெறுங் கதை. நேபாளத்து மலைக் கிராமத்திற் குக்ரி என்பது நமது கொடுவாக் கத்தியும் அடுக்களைக் கத்தியும் சேர்ந்த ஒரு பொருள். காலையில் அடுப்புக்கு விறகு பிளப்பதும் அதுவே, ஆட்டுக்குக் குழை வெட்டுவதும் அதுவே, உருளைக் கிழங்கு அரிவதும் அதுவே. ஒவ்வொரு முறை உருவும்போதும் இரத்தங் காணவேண்டுமாயின், நேபாளத்து இல்லத்தரசி ஒருவருக்கேனும் பத்து விரலும் மிஞ்சியிராது. இக்கதை பிறநாட்டார் போர்க்களத்தைப் பற்றிப் பேசிப் பேசி வளர்த்தது. 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கில-நேபாள யுத்தத்திலே கூர்க்கரின் தீரத்தைக் கண்ட ஆங்கிலேயர், யுத்தம் முடியுமுன்னரே, 1815 இல், அவர்களைத் தமது படையிற் சேர்க்கத் தொடங்கினர். அன்று தொட்டு இந்த வளைந்த கத்தியின் புகழ் உலகெங்கும் பரவியது. புகழுக்குத் தக்க உண்மைச் செயல்களும் உண்டு. 1945 மார்ச் 5 ஆந் திகதி பர்மாவில் பகைவரின் நிலைகளைத் தனியொருவராய்த் தாக்கி, குக்ரி கொண்டும் பொருது, விக்டோரியாச் சிலுவை பெற்ற பான்பக்த குருங்கின் வரலாறு அவற்றுள் ஒன்று. ஆயினும் அவரும் ஊரில் இருந்த நாள்களில் அதே வகைக் கத்தியால் விறகு வெட்டியவராகவே இருந்திருப்பார்.

இன்னொன்றையும் அம்மையார் அறிவது நன்று. நாம் நவராத்திரியில் ஆயுத பூசை செய்கிறோம் அல்லவா? அதே காலத்தில் நேபாளத்தார் தசைன் என்னும் பெருவிழாவை எடுக்கிறார்கள். அதன் ஒன்பதாம் நாளில் தொழிற் கருவிகளையும் ஆயுதங்களையும் வாகனங்களையும் வைத்துப் பூசிக்கிறார்கள். குக்ரியும் அங்கே பூவும் பொட்டுமாக வீற்றிருக்கும். வீட்டில் வைக்கத் தகாத பொருள் எதுவோ அதற்கு அந்த இடங் கிடைக்குமா?

ஆனால், அம்மையார் அஞ்சுவதற்குக் காரணமே இல்லையென்று நான் சொல்லவில்லை. அஞ்சவேண்டியது இரத்தக் கதைக்கு அன்று, பொய்யான கத்திக்கு. இதை நான் பட்டறிந்தே சொல்லுகிறேன்.

2011 ஆம் ஆண்டு நானும் ஒரு யாத்திரிகர் கூட்டத்தோடு காத்மாண்டு சென்றேன். தாமேல் என்னும் கடைத்தெருவிலே, பித்தளைச் சிங்க முகம் பொருத்திய பிடியும், வேலைப்பாடு மிக்க உறையுமாக ஒரு குக்ரி கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருந்தது. கடைக்காரர் "அசல் கூர்க்காக் குக்ரி" என்றார். விலையிற் பாதியைக் குறைத்துவிட்டேன் என்ற பெருமையோடு வாங்கி வந்தேன். இரண்டு ஆண்டு அது அடுக்களையில், அடுப்புக்கு மேலுள்ள தட்டிலே கிடந்தது. 2013 இல் ஒரு நாள் வேலிக்குக் கிளுவைக் கதியால் வெட்டவேண்டி வந்தது. கொடுவாக் கத்தி கைக்கெட்டவில்லை. குக்ரியை எடுத்துக்கொண்டு போனேன். நாலாவது வெட்டு. கையில் பிடி இருந்தது, கத்தியைக் காணவில்லை. அது பிடியைவிட்டுக் கழன்று, சுழன்று பறந்து, கிணற்றுக் கட்டிலே மோதி விழுந்தது. அந்தக் கட்டருகே என் மருமகளின் மகள், ஆறு வயதுப் பிள்ளை, வாளித் தண்ணீரில் காகிதத் தோணி விட்டுக்கொண்டு நின்றாள். இருவருக்கும் இடையே மூன்று முழத்துக்கு மேலிராது. அவள் சத்தங் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அன்று முழுவதும் கை நடுக்கம் நிற்கவில்லை.

பறந்துபோன அலகை எடுத்துப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. அலகின் பின்புறத்தில் பிடிக்குள் நுழையும் வால் மூன்று அங்குலங்கூட இல்லை. அதைப் பிடிக்குள் ஒட்டி வைத்திருந்தது அரக்கு. அரக்கு வெப்பத்தில் இளகும். அடுப்பின் அனல் நாள்தோறும் பட்டுப் பட்டு அது இளகியும் இறுகியும் பிடிப்பை இழந்திருந்தது. அலகின் வாயோ நாலு வெட்டிலேயே தகரம்போல மடங்கியிருந்தது. அது சுவரில் மாட்டி அழகு பார்க்கச் செய்த பண்டம். குற்றம் கடைக்காரர் மீது பாதி. உருவிப் பாராமல் வாங்கிய என் மீது மறுபாதி.

அதன் பின்னர் 2014 இல் மீண்டும் நேபாளம் சென்ற வேளையில், அந்நாட்டின் கிழக்கேயுள்ள தரான் என்னும் பட்டினத்துக்குப் பஸ் ஏறிப்போய், ஒரு கொல்லுலையில் அரைநாள் இருந்து பார்த்தேன். கிழக்குப் பகுதியிலேயே போஜ்பூர் என்னும் மலை மாவட்டமும் குக்ரிக்குப் பெயர் பெற்றது. உலைக்குள் கிடந்த இரும்பைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. லொறியின் அடியிலிருக்கும் வில்லுத் தகடு! பழைய லொறிகளின் வில்லுகளைத் துண்டு துண்டாக வெட்டி, கரி நெருப்பிலே காய்ச்சி, ஒருவர் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அறைந்து, அலகை வளைத்து எடுக்கிறார்கள். அது இழிவன்று. பாரந் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட உருக்கு. வெட்டுக் கத்திக்கு அதனினும் ஏற்றது அரிது.

நான் மறக்கவியலாதது அதற்கு அடுத்த வேலை. அலகு முழுவதையும் செந்நிறமாகக் காய்ச்சி எடுத்த கொல்லர், அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தவில்லை. தேநீர்க் கெண்டி ஒன்றை எடுத்தார். அதன் மூக்கால் மெல்லிய தாரையாக, வாய்ப்பக்கத்தில் மாத்திரம், அடியிலிருந்து நுனிக்கும் நுனியிலிருந்து அடிக்குமாக நீரை ஓட்டினார். முதுகு சிவந்தபடியே இருந்தது. பின்னர் முதுகில் எஞ்சியிருந்த வெப்பம் மெல்ல வாய்க்குப் பரவி அதன் முரட்டுத்தன்மையைத் தணித்தது. அதனால் வாய் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் அமைகின்றன. வாய் மழுங்காது, முதுகு முறியாது. எந்தக் கணத்தில் நீரை நிறுத்துவது என்பதை அவர் நிறத்தைக் கொண்டே அறிகிறார். எழுத்தறிவு தமக்கில்லை என்று என்னிடம் கூசிக்கொண்டு சொன்ன மனிதர் அவர்.

இக்கொல்லர்களுக்குக் காமி என்று பெயர். பலர் விசுவகர்மா என்பதையே குடும்பப் பெயராகக் கொள்ளுகிறார்கள். நமது நாட்டுக் கம்மாளரும் தம்மை விசுவகர்மாவின் வழியினர் என்று சொல்லிக்கொள்வதை நினைத்தேன். உறையைச் செய்யும் தோற்றொழிலாளருக்குச் சார்க்கி என்று பெயர். ஒரு தேசத்தின் சின்னமாகிய கத்தியை ஆக்கித் தந்த இவ்விரு வகுப்பாரையும் அந்தத் தேசம் நெடுங்காலம் தீண்டத்தகாதார் என்று வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. 1963 ஆம் ஆண்டுச் சட்டக்கோவை சாதி வேற்றுமையை நீக்கியது. 2011 இல் தீண்டாமையைத் தண்டிக்கத் தனிச் சட்டமே இயற்றினர். பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து நடப்பதில்லை என்பது நாம் அறியாததா? கத்தியைப் பூசையில் வைத்துக் கொல்லனைத் திண்ணையில் வைப்பது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி மாமனார் கடையில் நின்று பார்க்கவேண்டியவற்றைச் சொல்லுகிறேன். கத்தி அறியாதவர் என்று மகன் எழுதியிருப்பதால், இந்தப் பகுதியை வெட்டி அவருடைய கடவுச் சீட்டோடு வைத்துவிடுக.

முதலிற் பிடியைப் பார்க்க. குக்ரியின் பிடி இருவகை. ஒன்றில் அலகின் வால் பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் ஓடி, இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அறையப்பட்டிருக்கும். பிடியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் நடுவே இரும்புக் கோடு தெரியும். இதனைப் பனாவால் என்பர். மற்றதில் வால் எலி வாலைப்போல ஒடுங்கிப் பிடிக்குள் செல்லும். அவ்வால் பிடியை ஊடுருவி வந்து அடித் தகட்டுக்கு வெளியே தலை தட்டப்பட்டிருந்தால் நல்லதே. கூர்க்காப் படையினர் பலர் அத்தகையதையே கொண்டிருந்தனர். ஆனால், வெளியே தலை தெரியாவிட்டால் உள்ளே எவ்வளவு நீளம் என்பது கொல்லனுக்கும் கடவுளுக்குமே வெளிச்சம். முதற் கத்தி வாங்குபவர் பனாவாலை வாங்குவதே புத்தி. சிங்க முகமும் பித்தளைப் பூவேலையும் கண்டால் அப்பாற் செல்க.

பிடிக்கு ஈட்டி மரமும் எருமைக் கொம்பும் வழங்குகின்றன. கொம்பு பார்வைக்கு அழகு. வெயிலிற் காய்ந்தால் சிலவேளை வெடிக்கும். மரமே போதும். பிடியின் நடுவில் ஒரு வளையம் புடைத்திருக்கும். அது நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே வந்து அமரவேண்டும். நேபாளத்தார் பலருக்குக் கை சிறிது. அவர்கள் அளவுக்குச் செய்த பிடி நெடிய கையுள்ள பையனை நெருக்கும். ஆகவே மாமனார் புறப்படுமுன் மருமகனின் உள்ளங்கை அகலத்தை நூலால் அளந்து கொண்டுபோவாராக.

அடுத்தது அலகு. முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துவக்குக் குறிபார்ப்பதுபோல நோக்குக. கோணல் இருந்தால் உடனே தெரியும். பிடிக்கருகில் முதுகின் தடிப்பு ஏறத்தாழ எட்டு மில்லிமீற்றர் இருக்கவேண்டும். நுனியை நோக்கி ஒடுங்கிச் செல்லவேண்டும். ஒரே தடிப்பாய்த் தகடுபோல இருந்தால் அது அறைந்து செய்ததன்று, வெட்டி எடுத்தது. கையிலே ஒரு சிறு அரம் கொண்டுபோய்க் கடைக்காரர் அனுமதியோடு வாயில் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். வாயில் அரம் வழுக்கிப் போகவேண்டும். முதுகில் சற்றே பிடிக்கவேண்டும். நாணயமான வியாபாரி இதற்கு மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் வாங்கவேண்டிய அவசியமுமில்லை.

அலகின் அடியில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்கும். அது பசுவின் குளம்படி என்பார் ஒருவர். சிவனுடைய சூலம் என்பார் மற்றவர். இரத்தம் வடியும் வாய்க்கால் என்பார் கதைக்காரர். வாயைத் தீட்டும்போது எல்லை காட்டுவது என்பார் தொழிலாளி. எனக்குச் சூலம் என்பது பிடித்திருக்கிறது. தொழிலாளியின் காரணம் பொருந்துவதாகப் படுகிறது. உறையின் பின்புறத்தில் இரண்டு குட்டிக் கத்திகளும் செருகியிருக்கும். கூரானது கர்தா, சில்லறை வேலைக்கு உரியது. கூரில்லாதது சக்மக், பெரிய கத்தியின் வாயை அதன்மேல் உரசி நேராக்கலாம், சிக்கிமுக்கிக் கல்லில் அடித்தால் தீப்பொறியும் பறக்கும். கூரில்லாததைப் பழுதென்று கருதிச் சிலர் தீட்டிக் கெடுத்துவிடுவதுண்டு.

அளவைப் பற்றி மகன் எழுதியிருப்பதைக் கண்டு சற்றுக் கவலையுற்றேன். "இருப்பவற்றுள் மிகப் பெரியது" வேண்டுமாம். தம்பி, குக்ரியின் வலி அதன் நீளத்தில் இல்லை. அதன் பாரம் முன்வயிற்றிலே திரண்டிருக்கிறது. அலகு முன்னோக்கி வளைந்திருப்பதால், மணிக்கட்டை மடக்காமலேயே வாய் சாய்வாகச் சென்று மரத்திற் பாய்கிறது. சிறிய கத்தி பெரிய வெட்டு வெட்டும் இரகசியம் அதுவே. அலகு பத்து அல்லது பத்தரை அங்குலமும், முழு நீளம் பதினைந்து அங்குலமும், பாரம் ஐந்நூறு அல்லது அறுநூறு கிராமும் உள்ளது உனக்குப் போதும். ஒரு கிலோவை நெருங்கும் கத்திகளும் விற்கிறார்கள். அவற்றைக் கொண்டு ஐந்து நிமிடம் நீ வெட்டலாம். அதற்குப் பின்னர் வெட்டுவது நீயல்ல, உன் களைப்பு.

வடிவங்களும் பல. அகன்று பருத்ததைப் போஜ்பூரே என்பர்; விறகுக்கு அது உகந்தது. சிரு என்னும் புல்லின் இலைபோல ஒடுங்கி நீண்டது சிருபாதே, வீச இலகுவானது. இங்கேதான் உன் வினாவின் முடிச்சு இருக்கிறது. விறகு கொத்தும் கத்திக்கு முன்பாரம் வேண்டும். அடித்தபின் தன் பாரத்தாலேயே அது தொடர்ந்து செல்லவேண்டும். கலைப் பயிற்சிக் கத்தியோ நினைத்த இடத்தில் நிற்கவேண்டும். ஒன்று போவதற்காகச் செய்தது, மற்றது நிற்பதற்காகச் செய்தது. இரண்டையும் ஒரு கத்தியிற் கேட்பது, உழவு மாட்டைப் பந்தயத்துக்கும் ஓட்டுவேன் என்பது போல. பிரித்தானியப் படையிலுள்ள கூர்க்கர்க்கே அணிவகுப்புக்கு ஒன்றும் களப் பயிற்சிக்கு ஒன்றுமாக இரண்டு கொடுக்கிறார்கள்.

ஆகையால் என் தீர்ப்பு இது. மாமனார் வாங்கவேண்டியது விறகுக் குக்ரி. கலைக்குரியதை நீயே மரத்தில் செய்துகொள். பூவரசங் கட்டையில் அதே நீளத்துக்கும் அதே வளைவுக்கும் செதுக்கி, விளிம்பை உருட்டி, நுனியை மழுக்கி, பிடியில் வளையமும் வைத்துக்கொள். வகுப்பில் எதிரே ஒருவர் நிற்கும்போது உன் கையில் மரமே இருக்கவேண்டும். கூரிய இரும்பு ஒருபோதும் ஆகாது, கூரற்ற இரும்பும் ஆகாது. இருட்டில் நடப்பவன் படியை அறிவதுபோல உன் கை வளைவின் தூரத்தை அறிந்தபின்னர், ஆளில்லாத முற்றத்தில் தனியே நின்று மெய்யான குக்ரியை மெதுவாக வீசிப் பழகலாம். அதற்கு ஓராண்டு வேண்டும். உன் ஆசிரியர் இதற்கு மாறாகச் சொல்வாராயின், ஆசிரியரை மாற்றுக.

உருவுவதையும் உறையிடுவதையும் முதல் நாளே கற்றுக்கொள். பலர் காயமுறுவது அங்கேதான். உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்துத் தோல் போர்த்தியது. வாய்ப்பக்கத்துப் பொருத்து தேய்ந்திருந்தால், உருவும் வேகத்தில் அலகு உறையையும் கிழித்து, அதைப் பொத்திப் பிடித்த விரல்களையும் கிழிக்கும். எனவே உறையை முழுக் கையாற் பொத்தாதே. முதுகுப் பக்கத்தை மாத்திரம் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பற்றி, கத்தியின் முதுகு உறையின் முதுகோடு உராய்ந்து வரும்படி மெல்ல இழு. பிறரிடம் கொடுக்கும்போது உறையோடு கொடு.

விறகு வெட்டும்போது கட்டையைக் குற்றியின்மேல் வை, தரையில் வைக்காதே. கால்களை அகட்டி நில். கட்டை பதிவாயிருந்தால் முழந்தாளிட்டுக்கொள். அப்போது குறி தவறிய வெட்டு உன் முழங்காலைத் தேடாமல் மண்ணைத் தேடும். குறுக்கே நேராக அறையாமல் சாய்வாக வெட்டு. முற்றிய பனை வைரத்தில் வைத்துப் பார்க்கவேண்டாம், வாய் பல்லுப் பல்லாய்ப் போகும். மரத்திற் சிக்கினால் பக்கவாட்டில் நெம்பாதே. எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சுற்றிலும் பார். இரண்டு பாகத்துக்குள் எவரும் நிற்கக்கூடாது. நான் அந்தக் கிணற்றடியைப் பார்த்திருந்தால் இன்று இப்பத்தி வேறுவிதமாயிருந்திருக்கும்.

பராமரிப்புச் சொற்பம். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் இரண்டு துளி தடவுக. நமது கடற்காற்றில் இரும்பு ஓரிரவிலேயே சிவக்கும். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் உறைக்குள் வைக்கவேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து இரும்பைத் தின்னும். எண்ணெய்த் துணியிற் சுற்றி, பூட்டுள்ள அலுமாரியில் வைத்து, திறப்பைத் தாயிடம் கொடுக்க. அடுப்புக்கு மேலே மாத்திரம் வேண்டாம்.

மாமனாருக்கு இன்னுமொரு சொல். விமானத்திற் கைப்பையில் இதைக் கொண்டுவர இயலாது. பொதிகளோடு அனுப்பும் பெட்டிக்குள், உறையோடு துணியிற் சுற்றிக் கட்டி வைக்கவேண்டும். புறப்படுமுன்னரே நமது சுங்கப் பகுதியாரிடம் எழுதிக் கேட்டு, அவர்கள் மறுமொழியைக் கையில் வைத்திருப்பது நன்று; துறையில் வந்திறங்கியபின் வாதாடுவது யாத்திரைப் பயனைக் கெடுக்கும். வந்து சேர்ந்த பின்னரும் அது வளவுக்குள்ளேயே இருக்கவேண்டிய பொருள். வகுப்புக்கோ நண்பர் வீட்டுக்கோ இடுப்பிற் செருகிக்கொண்டு தெருவில் நடந்தால், பொலிசார் மறித்துக் கேட்கும்போது விறகைக் காட்ட முடியாது.

மரக்கத்திக்குரிய அளவுப்படத்தை வரைந்து வைத்திருக்கிறேன். மகன் ஆர்வ மிகுதியில் முகவரி எழுத மறந்துவிட்டான். தாயின் கடிதத்தில் இருக்கிறது. அவர் பெயருக்கே அனுப்புகிறேன்.